இழுவை இல்லாத மாதங்களில்

ஆண்டில் ஐந்து மாதங்கள் மாத்திரம் உழைத்து, பன்னிரண்டு மாதங்களும் உண்ணுகின்ற ஒரு சீவனுக்கு, எஞ்சிய ஏழு மாதச் சோற்றின் மீது உரிமை இருக்கிறதா? கைக்கணக்குப் பார்க்கிறவன் இந்தக் கேள்விக்கு உடனே மறுமொழி சொல்லிவிடுவான். வாசகரே, நீங்கள் அவ்வளவு அவசரப்பட வேண்டாம். இந்தக் கேள்வி நாயைப் பற்றியதுதான். ஆனால் கொஞ்சம் நின்று நிதானமாகச் சிந்திக்க வேண்டிய கேள்வி.

நோர்வேயிலோ கனடாவிலோ ஓர் உறவினராவது இல்லாத வீடு இன்று நம்மிடையே குறைவு. நோர்வேயின் வடகோடியிலுள்ள பின்மார்க் பகுதிக் கடற்கரைக் கிராமங்களில், மீன் பதனிடும் ஆலைகளில் வேலை செய்யப் போனவர்களில் நம்மவர் பலர். அந்த நாடுகளிலிருந்து வருகின்ற படங்களில் வெண்பனி மேல் சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு பாய்ந்தோடும் நாய்களை நீங்கள் கண்டிருக்கலாம். கூர்மையான காது, சுருண்ட வால், சிலவற்றுக்கு நீலக் கண். அவைதான் ஹஸ்கி நாய்கள். படம் பிடிப்பவர்கள் எல்லாரும் பனிக்காலத்தில்தான் பிடிக்கிறார்கள். பனி உருகிய பின்பு அந்த நாய்கள் என்ன செய்கின்றன, அவற்றை வளர்க்கும் குடும்பம் எப்படிச் சீவிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

அலாஸ்காவின் நடுப்பகுதியிலோ பின்மார்க்கிலோ உள்ள சிறிய குடும்பப் பண்ணை ஒன்றை மனக்கண்ணால் பாருங்கள். தகப்பன், தாய், பாடசாலைப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர், முப்பது நாய்கள். அங்கே கோடையில் சூரியன் மறைவதே அரிது. பின்மார்க்கில் மே நடுவிலிருந்து யூலை இறுதி வரை நள்ளிரவிலும் வெளிச்சம் இருக்கும். அலாஸ்காவின் உட்பகுதியில் சில நாட்களில் வெப்பம் 30 பாகை செல்சியசை எட்டிவிடும். நமக்கு அது சாதாரணம். உடம்பு முழுவதும் இரட்டை உரோமம் போர்த்த நாய்க்கு அது தண்டனை. நாய் நம்மைப் போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. பாதங்களில் சிறிது வியர்க்கும், மற்றபடி நாக்கை நீட்டி இளைத்தே சூட்டைத் தணிக்க வேண்டும். ஆகையால் வெப்பம் 10 அல்லது 15 பாகைக்கு மேல் போனால், நல்ல பண்ணைக்காரன் தன் நாய்களை இழுவைக்குப் பூட்டவே மாட்டான். கோடை முழுவதும் வாரும் கயிறும் ஆணியில் தொங்கும்.

நாய்களுக்குத்தான் ஓய்வு, மனிதருக்கு இல்லை. ஒவ்வொரு நாளும் முப்பது நாய்களின் கழிவை அள்ள வேண்டும். வாளி வாளியாய்த் தண்ணீர் சுமக்க வேண்டும். வெறுந்தண்ணீரைச் சில நாய்கள் போதிய அளவு குடியாதபடியால், அதிலே கொஞ்சம் இறைச்சிச் சாறு கலந்து வைப்பார்கள். நுளம்புத் தொல்லையோ சொல்லி முடியாது. வடநாட்டு நுளம்பைப் பார்த்தால் நமது மாரிக்கால நுளம்பு சாது. கோடை தொடங்கும்போது உள் உரோமம் கற்றை கற்றையாகக் கழன்று விழும். அதைப் பிள்ளைகள் சீப்பினால் வாரி வாரிச் சாக்கிலே அடைப்பார்கள். இரக்கப்பட்டு அந்த உரோமத்தை மழித்துவிடலாமே என்று புதிதாய் வருகிறவர்கள் சொல்வதுண்டு. மழிக்கக் கூடாது. வெயில் நேராகத் தோலில் படாமல் காப்பது அந்த மேல் உரோமமே. அறிவில்லாத இரக்கம் இப்படித்தான் சில வேளை தீமையில் போய் முடிகிறது.

நாய்களும் தம் அறிவைக் காட்டும். நிழலிலே மண்ணைத் தோண்டிக் குழி பறித்து, அந்தக் குளிர்ந்த மண்ணில் வயிற்றை வைத்துப் பகல் முழுவதும் படுத்துக் கிடக்கும். முற்றமெல்லாம் குழியாகும். தகப்பன் மூடுவார், நாய் மறுபடியும் தோண்டும். விடியற்காலைக் குளிர்ச்சியில் பிள்ளைகள் நாலைந்து நாய்களை அவிழ்த்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு நடந்து போவார்கள். இதற்கிடையில் அறுந்த வார்களைத் தைக்க வேண்டும், வண்டிச் சறுக்குக் கட்டைகளைச் செப்பனிட வேண்டும், மாரிக்கு விறகு பிளக்க வேண்டும். வருமானம் மாத்திரம் இல்லை. பனிக்காலத்தில் உல்லாசப் பயணிகளை ஏற்றி ஓட்டியோ, ஓட்டப் பந்தயத்துக்கு நாய்களை விற்றோ தேடிய பணத்தில்தான் கோடை கழிய வேண்டும். கடும் ஓட்டக் காலத்தில் ஒரு நாய் ஒரு நாளில் 10,000 கலோரி வரை உண்ணும். கோடையில் அதில் ஐந்தில் ஒரு பங்கும் வேண்டியதில்லை என்பதுதான் குடும்பத்துக்குச் சற்று ஆறுதல்.

குட்டிகள் பெரும்பாலும் இந்தக் காலத்தையொட்டிப் பிறக்கின்றன. தாய் நாய் 63 நாள் அளவில் சுமந்து, நாலு முதல் ஆறு குட்டிகள் போடும். இரண்டு கிழமையில் கண் திறக்கும். மூன்றாம் கிழமையிலிருந்து மனிதரின் கை அவற்றின் மேல் பட வேண்டும். அந்த நாட்களில் மனிதரோடு பழகாத நாய் பிறகு ஆயுள் முழுவதும் அஞ்சும். ஆகவே பண்ணையிலுள்ள சிறு பிள்ளைகளுக்கு அது விளையாட்டு மாத்திரமல்ல, வேலையும் கூட. ஒரு பேற்றில் வந்த குட்டிகளுக்கெல்லாம் ஒரே வகையான பெயர் வைப்பது அங்கே வழக்கம்: ஒரு முறை பூக்களின் பெயர், இன்னொரு முறை நதிகளின் பெயர். முப்பது நாய்களின் பெயரையும், எது எதன் தாய், எது எதன் உடன்பிறப்பு என்பதையும் அந்த வீட்டுச் சிறுவன் தடுமாறாமல் சொல்லுவான்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஹஸ்கி நாய் பதின்மூன்று ஆண்டு உயிர் வாழ்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 156 மாதங்கள். முதல் ஒன்றரை ஆண்டு அது முழு வேலைக்கு ஆகாது. ஒன்பது, பத்து வயதில் ஓய்வு பெற்றுவிடும். இடையில் எட்டு ஆண்டுகள், ஆண்டுக்கு ஐந்து மாதம் என்றால் 40 மாதங்கள். அதாவது, தன் ஆயுளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு காலமே அது தன் சோற்றுக்கு உழைக்கிறது. மீதி முக்காற் பங்கும் குட்டியாய், கிழமாய், கோடையில் குழிக்குள் கிடப்பதாய்ச் சும்மா உண்கிறது. இந்த முக்காற் பங்கை என்ன செய்வது என்பதே நமது கேள்வி.

அதை மனிதர் பல விதமாய்த் தீர்த்திருக்கிறார்கள். சைபீரியாவின் வடகிழக்கில் வாழும் சுக்சி மக்களே இந்த நாயினத்தின் முதல் வளர்ப்பாளர். கோடையில் நாய்களைக் கட்டவிழ்த்து விட்டு, அவை தாமே இரை தேடித் திரிந்து குளிர் வந்ததும் வீடு திரும்பும்படி அவர்கள் விட்டார்கள் என்று கூறுவர். ஊரும் நிலமும் அவ்வளவு பரந்து கிடந்தபோது அது நியாயமான ஏற்பாடு. கனடாவின் வடக்கில் பனிவெளியில் ஊழியம் செய்த அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் வேறு வழி கண்டார்கள். 1847இல் நமது யாழ்ப்பாணத்துக்கு வந்த அதே சபையார்தாம் அவர்கள். நம் பகுதியில் மாட்டு வண்டியிலும் தோணியிலும் சென்ற அவர்களுடைய சகோதரர்கள், அங்கே நாய் வண்டியில் ஊர் ஊராய்ப் போனார்கள். அந்த மிசன் வீடுகளில் மாரிக்கு முன் ஆயிரக்கணக்கான மீன்களைப் பிடித்துத் தூக்கி வைப்பது பெரிய வேலை. அந்த மீனில் ஒரு பங்கு குருவுக்கு, ஒரு பங்கு பிள்ளைகளுக்கு, ஒரு பங்கு நாய்களுக்கு. நாய்க்கு மீன் இல்லையென்றால் நோயாளிக்கு அவஸ்தைப்பூசுதலும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது வழியும் ஒன்று இருக்கிறது. சொல்லக் கூசுகிறது. 2010இல் கனடாவின் விஸ்லர் என்ற இடத்தில் குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டு நடந்தது. அது முடிந்ததும் பயணிகள் குறைந்தார்கள். அங்கே நாய் வண்டி ஓட்டி வந்த ஒரு தொழிலில், தேவைக்கு மிஞ்சின என்று கருதப்பட்ட பல பத்து நாய்கள் ஏப்ரல் மாதத்தில் கொல்லப்பட்டு ஒரே குழியில் புதைக்கப்பட்டன. அந்தக் கொலையைச் செய்தவர் தமது மனம் குலைந்து போயிற்று என்று நட்டஈடு கேட்டபோதுதான், 2011இல், செய்தி வெளியே வந்தது. தோண்டியபோது 56 உடல்கள் எடுக்கப்பட்டன. எந்த மாதத்தில் நடந்தது என்று கவனித்தீர்களா? பனி உருகத் தொடங்கும் மாதம். உழைப்பு முடிந்து, சோறு மாத்திரம் மிஞ்சிய மாதம்.

ஓடாத நாயை வெளியாள் ஒருவன் பார்த்தால் அது பெறுமதியற்றதாகவே தோன்றும். 1950களிலும் 1960களிலும் கனடாவின் வடக்கில் இனுவிற் மக்களுடைய நாய்கள் கட்டாமல் திரிகின்றன என்ற காரணத்தால் காவற்றுறையினராலும் அதிகாரிகளாலும் பெருந்தொகையாகச் சுடப்பட்டன. அந்த நாய் இல்லாமல் அந்தக் குடும்பம் வேட்டைக்குப் போக முடியாது என்பது சுட்டவர்களுக்கு விளங்கவில்லை. நுனவிக் பகுதி மக்களிடம் கனடா அரசு அதற்காக 2024 நவம்பரில் மன்னிப்புக் கேட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பிறகு!

உழைத்துப் பெயரெடுத்த நாய்க்கேனும் நன்றி காட்டினார்களா என்றால் அதுவும் முழுமையாக இல்லை. 1925 சனவரியில் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டைக்கரப்பான் நோய் பிள்ளைகளைக் கொல்லத் தொடங்கியது. மருந்தை 674 மைல் தூரம், இருபது வண்டியோட்டிகளும் ஏறக்குறைய 150 நாய்களும் மாறி மாறி ஐந்தரை நாட்களில் கொண்டு சேர்த்தார்கள். கடைசிக் கட்டத்தை ஓடிய பால்டோ என்ற நாய்க்கு அந்த ஆண்டு முடியுமுன்பே நியூயோர்க்கில் சிலை வைத்தாயிற்று. நாய் உயிரோடு இருந்தது; சிலைக்குத்தான் மரியாதை. இரண்டு ஆண்டு கழியுமுன் பால்டோவும் அதன் கூட்டாளிகளும் லொஸ் ஏஞ்சலிசில் ஒரு மலிவான கண்காட்சிக் கூடத்தில் பரிதாப நிலையில் கிடந்தன. அதைக் கண்ட ஒருவர் கிளீவ்லாந்து நகரத்தாரிடம் சொல்ல, பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலரும் காசு சேர்த்து, 1927இல் அவற்றை வாங்கித் தங்கள் மிருகக்காட்சிச் சாலைக்குக் கொண்டு போனார்கள். 1933இல் இறக்கும் வரை பால்டோ அங்கேயே சோறு தின்றது. அதே ஓட்டத்தில் எல்லாவற்றிலும் கூடிய தூரமும் ஆபத்தும் கடந்தது டோகோ என்ற பன்னிரண்டு வயதுக் கிழ நாய் என்பதைப் பலர் பின்னாளில்தான் அறிந்தார்கள்.

வேதாகமம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டாதே என்ற கட்டளை உபாகமத்தில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அது எளிதான பாதி. உழைக்கும்போது உண்ணக் கொடுப்பது கூலியே. கடினமான பாதி யாத்திராகமத்தில் இருக்கிறது: ஏழாம் நாள் நீ ஓய்ந்திருப்பது உன் மாடும் கழுதையும் இளைப்பாறும்படிக்காகவும் என்று ஆண்டவர் சொல்கிறார். ஓய்வு நாளில் மாட்டுக்கு வைக்கோல் போடாமல் விடலாம் என்று எந்த யூதனும் அதற்குப் பொருள் கொள்ளவில்லை. இன்னும் ஒரு படி மேலே போங்கள். ஏழாம் ஆண்டில் நிலத்தையே தரிசாய் விட வேண்டும். அந்த ஆண்டு தானாய் விளைந்ததை எளியவர் உண்ண வேண்டும். மிஞ்சியதைக் காட்டு விலங்குகள் உண்ண வேண்டும். லேவியர் ஆகமம் வீட்டுக் கால்நடையையும் அந்தப் பந்தியில் சேர்க்கிறது. யாரும் உழாத ஆண்டு, யாரும் சம்பாதிக்காத ஆண்டு. அந்த ஆண்டில் எல்லார் வாய்க்கும் பங்கு வைக்கப்பட்டிருக்கிறது. உழைப்பு நின்ற காலத்திலும் உணவுக்கு உரிமை உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமோ தெரியவில்லை.

இந்த இடத்தில் உங்களில் ஒருவர் குறுக்கிடுவீர்கள். “ஐயா, இடம்பெயர்ந்து முகாமில் பிள்ளைக்குப் பால்மா இல்லாமல் இருந்த சனங்கள் நாங்கள். எங்களுக்கு நாயின் உரிமை பற்றிப் போதிக்க வருகிறீரா?” இந்தக் கேள்வியை நான் தட்டிக் கழிக்கப் போவதில்லை. 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி ஏடு உங்கள் பக்கமும் பேசுகிறது: மனித வறுமையைப் போக்கச் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவது தகாது, மனிதருக்கே உரிய அன்பை அவற்றின் மேல் வைப்பதும் தகாது. நாய்க்கு வெள்ளிக் கிண்ணமும் பிறந்தநாள் கேக்கும் வைக்கிறவர்களுக்கு இது நல்ல சூடு. அதே ஏடு அதே இடத்தில், தேவையின்றி விலங்கை வதைப்பதும் கொல்வதும் மனித மாண்புக்கே முரண் என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அரைவாசியை வாசித்து வாதிடுவது நமக்குக் கைவந்த கலை.

சேர்த்து வாசிப்பது எப்படி என்பதற்கு அலாஸ்காவின் யூக்கொன் நதியோரத்திலேயே உதாரணம் இருக்கிறது. அங்குள்ள பழங்குடிக் குடும்பங்களுக்குக் கோடை என்றால் மீன்பிடி. நதியில் வரும் சல்மன் மீனைப் பிடித்துப் பிளந்து காயவைத்து மாரிக்குச் சேர்ப்பார்கள். நல்லது வீட்டுக்கு, மற்ற வகை நாய்களுக்கு. அண்மைய ஆண்டுகளில் அந்த மீன் வரத்து மிக மோசமாய்க் குறைந்துவிட்டது. 2021இல் இரு முக்கிய வகை மீன்களையும் வீட்டுத் தேவைக்குக் கூடப் பிடிக்க முடியாதபடி தடை வந்தது. மீன் இல்லாத வீட்டில் முதலில் உண்பது யார்? பிள்ளைதான். இதிலே சந்தேகப்பட ஒன்றுமில்லை. நாய்களின் தொகையை அந்தக் குடும்பங்கள் குறைக்க வேண்டியதாயிற்று. குட்டி போட விடாமல் நிறுத்திக் குறைப்பது ஒன்று; குழி வெட்டிக் குறைப்பது வேறொன்று.

என் எண்ணத்தில் முழு விடயமும் இங்கேதான் தங்கியிருக்கிறது. நாயைக் கொல்லலாமா, கைவிடலாமா என்று ஏப்ரல் மாதத்தில் கேட்பவன் காலம் தாழ்த்திக் கேட்கிறான். அந்தக் கேள்விக்குரிய வேளை, ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைத்த நாள். காட்டு ஓநாயைப் படைத்தவர் கடவுள். அதற்கு இரை கொடுப்பதும் அவரது பராமரிப்பில் அடங்கும். ஹஸ்கியோ பல தலைமுறையாய் மனிதன் தன் தேவைக்கென்று பொறுக்கி எடுத்து வளர்த்த சீவன். ஒவ்வொரு குட்டியும் யாரோ ஒருவர் வேண்டுமென்று தீர்மானித்ததால் பிறக்கிறது. ஆதாம் விலங்குகளுக்குப் பெயரிட்டான் என்று ஆதியாகமத்தில் வாசிக்கிறோம். பெயரிடுவது உரிமையாளனின் அடையாளம் என்று நாம் மகிழ்கிறோம். முப்பது பெயரையும் மனப்பாடமாய் அறிந்த அந்தப் பண்ணைச் சிறுவனுக்கு, பெயரிட்டதனால் வந்த கடனும் தெரியும். ஆகஸ்ட் மாதத்தில் எத்தனை வாய்க்குச் சோறு போட முடியும் என்பதை எண்ணி, அந்த எண்ணிக்கைக்கு மேல் பிறக்க விடாமல் இருப்பதே அங்கே அன்பு. பார்க்க அது வரட்சியான கணக்குத்தான். கண்ணீரோடு கட்டிப் பிடிக்கும் அன்பைவிட எனக்கு அதிலே நம்பிக்கை கூட.

கிழ நாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோயால் துடிக்கும் நாயின் வேதனையை மருத்துவர் ஊசியால் முடிப்பதை நான் கண்டிக்கவில்லை. சுகமாய் உண்டு உறங்கி, இழுக்க மாத்திரம் முடியாமற்போன நாயை முடிப்பது வேறு. நல்ல பண்ணைகளில் இப்படிப்பட்ட கிழங்கள் குட்டிகளோடு விடப்படும். குட்டி அடக்கம் கற்றுக்கொள்வது அவற்றிடமிருந்துதான். அந்த முற்றத்தில் ஓடி விளையாடும் பிள்ளைகள் இரண்டு விதத்தில் ஏதாவது ஒன்றைத் தகப்பனிடமிருந்து பார்த்துக்கொண்டே வளர்கிறார்கள். விலங்கிடம் கொடுமை பழகிய கை மனிதரிடமும் அதைக் காட்டும் என்று புனித அக்குவினாஸ் தோமையார் எச்சரித்ததை இந்தப் பார்த்து வளர்தலோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். நமது வீடுகளிலும் சாய்மனைக் கதிரையில் கிடக்கும் ஒரு தாத்தாவை, “இவர் என்ன செய்கிறார், சாப்பிடுகிறார்” என்று பிள்ளைகள் காதுபடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

இன்று இந்த நாய் வெப்ப நாடுகளுக்கும் விலைக்கு வருகிறது. கொழும்பிலும் சென்னையிலும் நீலக் கண் ஹஸ்கியைக் குளிரூட்டிய அறையில் வைத்துப் பெருமைக்கு வளர்க்கிறார்கள். அதற்கு ஆண்டு முழுவதும் கோடை. இழுக்க வண்டி இல்லை, தோண்டக் குளிர்ந்த மண்ணும் இல்லை. 2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் வளர்ப்புக் கொள்கை, அந்த நாட்டு வெப்பத்துக்கு ஒவ்வாத இனங்களில் இதையும் சேர்த்தது. காசு இருக்கிறது, ஆகவே வாங்கலாம் என்பவரோடு எனக்கு வழக்கில்லை. வாங்கினவரின் வீட்டு மின்சாரம் நாள் முழுவதும் நின்றால் அந்த நாய் என்ன செய்யும் என்று மாத்திரம் கேட்கிறேன்.

குளிர் நாட்டிலிருக்கும் உங்கள் பேரப்பிள்ளை ஒரு ஹஸ்கிக் குட்டி வேண்டுமென்று அடம்பிடித்து, அதற்கு நீங்களும் தொலைபேசியில் சிபாரிசு செய்ய நேர்ந்தால், குட்டியின் கண் என்ன நிறம் என்று கேட்கும் முன் விற்கிறவரிடம் சிலவற்றைக் கேட்கச் சொல்லுங்கள். தாய் நாய் இதுவரை எத்தனை முறை குட்டி போட்டது? ஓய்வு பெற்ற நாய்கள் பண்ணையில் எங்கே இருக்கின்றன, அவற்றைப் பார்க்கலாமா? நாளைக்கு எங்களால் வளர்க்க முடியாமற் போனால் எந்த வயதிலும் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா? நல்ல வளர்ப்பாளர்கள் இந்தக் கடைசி வாக்குறுதியை விற்பனை உறுதியிலேயே எழுதிக் கொடுப்பதுண்டு. கிழங்களைக் காட்ட மறுக்கிற பண்ணையில் குட்டி வாங்க வேண்டாம்.